கறுப்பாற்றைத் தெளிவித்த கரங்கள்

மன்னர்களின் வரலாற்றை எழுதியோர் ஆறுகளைப் பெரும்பாலும் படைகள் கடந்த இடங்களாகவே குறித்து வைத்தனர். எந்த ஆண்டில் எந்தச் சேனை எந்தத் துறையில் இறங்கிற்று, எந்தக் கரையில் பாசறை அமைந்தது என்பன ஏடுகளில் உள்ளன. அந்த ஆற்றைத் தூர்வாரியவர் யார், கரையைக் கட்டிக் காத்தவர் யார், நீர் கெட்டபோது அதனுள் இறங்கித் துலக்கியவர் யார் என்னும் வினாக்களுக்கு அவ்வேடுகளில் விடை காண்பது அரிது. கல்லில் பெயர் பொறிக்கப்படாத அத்தகைய மக்களின் உழைப்பால் ஓர் ஆறு உயிர் மீண்ட வரலாறு நம் காலத்திலேயே நிகழ்ந்திருக்கின்றது. பஞ்சாபிலே ஓடும் காலி வேயீன் என்னும் சிற்றாற்றின் வரலாறு அது. முஸ்லிம் நவாபு ஒருவரின் நகரில் தொடங்கி, இராமேசுவரத்து முஸ்லிம் குடும்பத்துப் பிள்ளை ஒருவர் சென்று கண்டு போற்றிய நிகழ்ச்சிவரை நீளும் அக்கதையை நம் குடும்பங்கள் அறிந்திருத்தல் நன்று.

ஆறும் பெயரும்

பஞ்சாப் என்றவுடன் ஐந்து பேராறுகள் நினைவுக்கு வரும். பாரசீக மொழியில் ‘பஞ்ச்’ என்பது ஐந்து. ‘ஆப்’ என்பது நீர். அவ்வைந்தனுள் பியாஸ், சட்லெஜ் ஆகிய இரண்டுக்கும் இடைப்பட்ட வளநிலத்தைத் ‘தோஆப்’, அதாவது இரு நீர்களின் நாடு, என்பர். காலி வேயீன் பிறப்பதும் ஓடுவதும் முடிவதும் இந்நிலத்திலேதான். ஆங்கில ஏடுகள் இதனைப் ‘பெயின்’ என்று எழுதும். ஹோஷியார்பூர் மாவட்டத்தில் முகேரியன் வட்டத்தைச் சேர்ந்த தனோவா என்னும் ஊரருகே ஊற்றுகளிலிருந்து தோன்றி, சுமார் 160 கிலோமீட்டர் நடந்து, கபூர்தலா மாவட்டத்தையும் ஸுல்தான்பூர் லோதி நகரையும் நனைத்து, பியாஸும் சட்லெஜும் கூடுகின்ற ஹரிக்கே அருகே இது கலந்துவிடுகிறது. சிட்டி வேயீன் என்னும் மற்றொரு சிற்றாறும் அப்பகுதியில் உண்டு. ‘சிட்டி’ என்றால் வெண்மை. ‘காலி’ என்றால் கருமை.

தமிழில் நாம் அன்றாடம் வழங்கும் ‘காலி’ அரபியிலிருந்து வந்த வேறொரு சொல். வெறுமை என்னும் பொருளுடையது. இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் இந்த ஆறு அவ்விரண்டு பொருளுக்கும் உரியதாயிற்று. ஓரிடத்தில் அதன் நீர் கறுத்துக் கிடந்தது. மற்றோரிடத்தில் நீரே இன்றி அதன் படுகை வெறுமையாயிற்று.

நவாபின் நகரம்

ஸுல்தான்பூர் லோதி இன்று சிறியதொரு நகரம். முன்னாளில் அது தில்லியிலிருந்து லாகூருக்குச் செல்லும் பெருவழியில் அமைந்த புகழ்மிக்க பட்டணம். மார்க்கக் கல்விக்கும் பேர்பெற்ற ஊர். ஹுமாயூன், சூர் மரபினர், அக்பர் ஆகியோரின் காலங்களில் அரசவையில் பெருமதிப்புடன் விளங்கி, ‘மக்தூமுல் முல்க்’ என்னும் விருது பெற்ற மௌலானா அப்துல்லாஹ் ஸுல்தான்பூரி இவ்வூரவரே. முகலாயர் காலப் பாலத்தின் எச்சங்கள் இந்த ஆற்றின்மீது இங்கே உள்ளன. 1739ஆம் ஆண்டில் நாதிர் ஷாவின் படையெடுப்பில் நகரம் எரியுண்டது. அதன் பின்னர் பழைய சிறப்பு அதற்குத் திரும்பவில்லை.

15ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கே ஆட்சிப் பொறுப்பில் இருந்தவர் நவாபு தௌலத் கான் லோதி. பிற்காலத்தில் லாகூரின் ஆளுநராகி, பாபரை இந்தியாவுக்கு அழைத்தோருள் ஒருவராக வரலாற்றில் இடம்பெற்றவர் அவரே. அவருடைய பண்டசாலையில் பொறுப்பாளராக வேலை பார்த்தவர் குருநானக். 1469இல் தல்வண்டியில் பிறந்த நானக்கை, நவாபிடம் பணிபுரிந்த அவருடைய தமக்கையின் கணவர் ஜெய்ராம் இவ்வூருக்கு வரவழைத்தார் என்பது சீக்கியர் மரபு. தானியத்தை அளந்து போடும்போது ‘தேரா’ என்னும் எண்ணுக்கு வந்ததும் நானக் அதனையே திரும்பத் திரும்பச் சொல்லி அளந்துகொண்டே இருப்பாராம். பஞ்சாபியில் ‘தேரா’ என்றால் பதின்மூன்று என்றும் பொருள்படும், ‘நின்னுடையது’ என்றும் பொருள்படும். எல்லாம் இறைவனுடையதே என்னும் நினைவில் அவர் தம்மை மறந்தார் என்று அக்கதைக்கு விளக்கம் கூறுவர். நவாபிடம் புகார் சென்று, கணக்கைச் சரிபார்த்தபோது சரக்கில் குறைவு ஏதும் காணப்படவில்லை என்றும் சொல்வர்.

நானக் ஒவ்வொரு நாளும் வைகறையில் இந்த ஆற்றில் நீராடச் செல்வது வழக்கம். ஒருநாள் நீரில் இறங்கியவர் திரும்பவில்லை. செய்தி கேட்டு நவாபே ஆற்றங்கரைக்கு வந்து, வலைஞர்களை அழைத்து வலை வீசித் தேடச் செய்தார் என்று பழைய சரிதைகள் கூறுகின்றன. மூன்றாம் நாள் அவர் கரையேறினார், பணியைத் துறந்தார், ரபாப் இசைக்கும் முஸ்லிம் தோழர் மர்தானாவை உடன்கொண்டு நெடும்பயணம் புறப்பட்டார். சீக்கிய சமயத்தின் வரலாறு இந்த ஆற்றின் துறையிலிருந்து தொடங்குகிறது எனலாம். எனவேதான் காலி வேயீன் அம்மக்களுக்குப் புனித ஆறு. ஆற்றில் இறங்கிய தம் ஊழியர் ஒருவருக்காக வலை வீசச் செய்த முஸ்லிம் நவாபின் நினைவும் அப்புனிதக் கதையோடு பிரிக்க ஒண்ணாதபடி கலந்துள்ளது.

ஆறு கெட்ட விதம்

ஒரு புனித ஆறு எவ்வாறு சாக்கடையாகும்? ஒரே நாளில் அது நிகழ்வதில்லை.

1870ஆம் ஆண்டில் கபூர்தலா சமஸ்தானத்தார் பாசனத்துக்காக இந்த ஆற்றின் குறுக்கே காஞ்ச்லி என்னுமிடத்தில் சிறியதோர் அணையைக் கட்டினர். அதனால் உண்டான நீர்நிலை பறவைகளின் உறைவிடமாயிற்று. 2002ஆம் ஆண்டில் உலகின் சிறப்புமிக்க ஈரநிலங்களைக் காக்கும் ராம்சார் பட்டியலிலும் அது இடம்பெற்றது. ஆற்றை மனிதர் பயன்படுத்திக் கொள்ளுதல் அதற்குக் கேடன்று என்பதற்கு இதுவே சான்று. கேடு வேறு வழியாக வந்தது.

1947இல் நாடு பிளவுண்டபோது, முஸ்லிம்கள் பெரும்பான்மையினராய் வாழ்ந்த கபூர்தலா சமஸ்தானத்திலிருந்து அவர்கள் பாகிஸ்தானுக்குப் பெயர்ந்தனர். மேற்குப் பஞ்சாபிலிருந்து வீடிழந்து வந்தோர் இங்கே குடியமர்ந்தனர். தலைமுறை தலைமுறையாக ஓர் ஆற்றின் வெள்ளத்தையும் வறட்சியையும் அறிந்தவர்கள் ஓராண்டில் அகன்றுபோன துயரம் அந்நிலத்தின் மீது படிந்துள்ளது. பின்னர் நகரங்கள் பெருகின. பசுமைப் புரட்சி வந்து கோதுமையும் நெல்லும் குவிந்தன. ஆழ்குழாய்க் கிணறுகள் நிலத்தடி நீரை உறிஞ்சின. பியாஸ் ஆற்றின் குறுக்கே போங் அணை 1974இல் முற்றுப்பெற்றது. வெள்ளத்தின் இயல்பு மாறிற்று. ஊற்றுகளை நம்பி ஓடிய சிற்றாறு நீர் குன்றிற்று.

நீர் குறைந்த வேளையில் கழிவு கூடிற்று. ஆறு நகரங்களும் நாற்பதுக்கு மேற்பட்ட சிற்றூர்களும் தம் சாக்கடைகளை இதனுள் திருப்பிவிட்டன. சாக்கடையில் உள்ள சத்துகளை உண்டு ஆகாயத்தாமரை செழித்தது. தென் அமெரிக்காவிலிருந்து அழகுக்காகக் கொண்டுவரப்பட்ட செடி அது; வெப்பமும் கழிவும் வாய்த்தால் சில கிழமைகளுக்குள்ளேயே இரட்டிப்பாகப் பெருகும். நீர்ப்பரப்பை அது பாயைப்போல் மூடிவிட்டால் வெயில் உள்ளே புகாது. மூழ்கி மடியும் செடிகள் அழுகும்போது நீரில் கலந்துள்ள பிராணவாயு தீர்ந்துபோகும். மீன்கள் மடியும், வண்டல் ஏறும், ஓட்டம் தடைப்படும். மேற்பகுதியில் வடியாத நீர் வயல்களிலே தேங்கிப் பயிரை அழுக்கிற்று. கீழ்ப்பகுதியிலோ பாய்ச்சலுக்கு நீரின்றி வயல்கள் வறண்டன. ஒரே ஆற்றின் ஒரே நோய் மேலூர்க்காரரை நீரால் வருத்திற்று. கீழூர்க்காரரைத் தாகத்தால் வருத்திற்று.

சட்டம் இல்லாமற் போகவில்லை. நீர் மாசுபடுவதைத் தடுக்கும் மத்தியச் சட்டம் 1974ஆம் ஆண்டிலேயே நிறைவேறியது. வாரியங்கள் அமைந்தன, மனுக்கள் எழுதப்பட்டன. ஸுல்தான்பூரின் குருத்வாராவுக்கு வந்த யாத்திரிகர் மட்டும் புனித நீரென்று கையில் அள்ள முனைந்து, அதன் நாற்றம் தாளாது கையை உதறினர்.

2000ஆம் ஆண்டு, ஜூலைத் திங்கள்

ஜலந்தர் மாவட்டத்தில் சீச்சேவால் என்னும் சிற்றூர் உண்டு. 1962இல் அங்கே பிறந்து துறவு பூண்டவர் சந்த் பல்பீர் சிங். ஊர்ச் சாலைகளைத் தொண்டர்களைக் கொண்டு செப்பனிட்டும், பள்ளி நடத்தியும், மரக்கன்று வளர்த்தும் வந்த அவரை மக்கள் ஊர்ப்பெயராலேயே சீச்சேவால் என்றழைத்தனர். 2000ஆம் ஆண்டு ஜூலையில் ஜலந்தரில் கூடியதொரு கூட்டத்தில் காலி வேயீனின் அவலநிலை பேசப்பட்டது. பேசியவர் பலர், கவலை தெரிவித்தவர் பலர். சீச்சேவால் ஆற்றைத் தாமே துப்புரவு செய்வதாக ஒப்புக்கொண்டார். ஓரிரு நாளில் தொண்டர் சிலருடன் ஸுல்தான்பூர்த் துறையில் அந்தக் கறுத்த நீருக்குள் இறங்கிவிட்டார்.

இப்பணிக்கு அவர்கள் இட்ட பெயர் ‘கார் சேவா’. பாரசீகத்தில் ‘கார்’ என்றால் வேலை. வடமொழியில் ‘சேவா’ என்றால் தொண்டு. இரு மொழிகள் கைகோத்த சொல் அது. கூலி பெறாமல் உடலுழைப்பைப் பொதுநன்மைக்கு நல்குதலே அதன் பொருள். அமிருதசரஸ் பொற்கோவிலின் குளத்தை 1923ஆம் ஆண்டிலும் 1973ஆம் ஆண்டிலும் பெருந்திரளான மக்கள் தூர்வாரியது இம்முறையிலேயே. 1992 டிசம்பர் 6ஆம் நாள் அயோத்தியில் பாபரி மஸ்ஜித் இடிக்கப்பட்ட பிறகு அச்சொல் நம் செவிக்கு வேதனை தருவதாயிற்று. சொல் செய்த குற்றம் ஏதுமில்லை. இடிப்போர் கையிலே சிக்கிய சொல்லை, எட்டாண்டுக்குப் பின் ஆற்றைத் துலக்குவோர் அதன் மெய்ப்பொருளுக்கு மீட்டுக் கொடுத்தனர்.

தொடக்கத்தில் இதனை நம்பியோர் சிலரே. 160 கிலோமீட்டர் நீளமுள்ள ஆற்றைக் கையால் துப்புரவு செய்வதாவது என்று கேட்டோர் இருந்தனர். இடுப்பளவு, மார்பளவு நீரில் நின்று தொண்டர்கள் ஆகாயத்தாமரையை வேரோடு பிடுங்கினர். வரிசையாக நின்று கைமாற்றிக் கரையேற்றினர். அடியிலிருந்த சேற்றை வாரிக் கரையை உயர்த்தினர். நாள் செல்லச் செல்லச் சுற்றூர் மக்கள் திரண்டனர். இருபத்துநான்கு ஊர்களுக்கு மேற்பட்டோர் முறைவைத்து வந்தனர். வேலைக்கு வர இயலாதவர் உணவு சமைத்து அனுப்பினர், துணி தந்தனர், கருவி வாங்கப் பணம் தந்தனர். பள்ளிப் பிள்ளைகளும் வெளிநாடு சென்று பிழைக்கும் பஞ்சாபியரும் தத்தம் பங்கைச் சேர்த்தனர். படுகை துலங்கத் துலங்க, அடைபட்டிருந்த ஊற்றுகள் சில தாமே கண் திறந்தன. கரையோரமாகப் பாதை அமைத்தனர்; மரங்கள் நட்டனர்; ஸுல்தான்பூரில் படித்துறைகள் கட்டினர். மீன்பிடித்தலை விலக்கினர். மேற்பகுதியில் தேங்கிய நீர் வடிந்து, கைவிடப்பட்ட நிலங்கள் மீண்டும் ஏர் கண்டன.

முன்னொரு காலத்தில் ஒரு மனிதரைத் தேடி வலை வீசப்பட்ட துறையிலேயே, ஐந்து நூற்றாண்டுகளுக்குப் பின் மக்கள் தம் ஆற்றைத் தேடி இறங்கினர் என்று இதனைச் சொல்லலாம்.

கடினமான பாதி

செடியைப் பிடுங்குதல் வேலையின் எளிய பாதி. சாக்கடை ஓடிவரும்வரை ஆகாயத்தாமரையும் வந்துகொண்டே இருக்கும். நகராட்சிகளிடம் முறையிட்டும் பயன் விளையவில்லை. அங்கேதான் இத்தொண்டர்களின் அறிவு வெளிப்பட்டது. ‘ஆற்றில் விடாதே’ என்று மட்டும் ஓர் ஊருக்குச் சொன்னால், ‘வேறெங்கே விடுவது?’ என்று அவ்வூர் கேட்கும். அக்கேள்வி நியாயமானது. அதற்கு விடை கண்டுபிடித்த பின்னரே அவர்கள் ஊர்களை அணுகினர்.

இன்று ‘சீச்சேவால் முறை’ என வழங்கும் அவ்விடை எளிமையானது. ஊரின் கழிவுநீர் முழுவதும் நிலத்தடிக் குழாய் வழியே ஊருக்கு வெளியே கொண்டுசெல்லப்படும். அங்கே அடுத்தடுத்து மூன்று கிணறுகள் இருக்கும். முதற்கிணற்றில் கனமான மண்ணும் கசடும் தங்கும். அடுத்தவற்றில் மிதக்கும் பொருள்களும் எஞ்சிய கசடும் பிரியும். பின் அந்நீர் குளமொன்றில் வெயில்படத் தங்கி, அங்கிருந்து வாய்க்கால் வழியே வயலுக்குப் பாயும். ஆற்றுக்கு நஞ்சாக இருந்தது பயிருக்கு உரமாயிற்று. உழவர்கள் அந்நீருக்குப் பங்கு கேட்டு முன்வந்தபோது, ஊரார் சாக்கடையை ஆற்றில் விடுவதை நிறுத்தப் பிறரின் வற்புறுத்தல் தேவைப்படவில்லை. பிற்காலத்தில் கங்கைக் கரையின் சிற்றூர்களுக்கும் இம்முறையைக் கொண்டுசெல்ல மத்திய அரசு முயன்றது.

ஆயினும் தொழிற்சாலைக் கழிவுக்கு இம்முறை மருந்தாகாது. சாயமும் உலோகமும் கலந்த நீரை வெயிலும் குளமும் தூய்மையாக்கிவிடா. நகரத்துச் சாக்கடையின் அளவும் சிற்றூரின் மூன்று கிணறுகளில் அடங்குவதன்று. அங்கே சுத்திகரிப்பு நிலையங்கள் வேண்டும். அவற்றைக் கட்டவும் ஓட்டவும் கடமைப்பட்டது அரசு. ஆற்றில் போதிய ஓட்டம் இருப்பதற்கும் அரசின் ஆணை வேண்டியிருந்தது. முகேரியன் நீர்மின் கால்வாயின் தெர்க்கியானா மதகு வழியே பியாஸ் நீரைக் காலி வேயீனுக்குத் திறந்துவிடும் ஏற்பாடு மக்களின் நெடிய கோரிக்கைக்குப் பின்னர் கிடைத்தது.

இராமேசுவரத்திலிருந்து ஸுல்தான்பூர் வரை

2006ஆம் ஆண்டு ஆகஸ்டு 17ஆம் நாள், அந்நாளில் இந்தியக் குடியரசுத் தலைவராய் விளங்கிய டாக்டர் ஏ.பி.ஜெ. அப்துல் கலாம் காலி வேயீனைக் காண வந்தார். அரசுத் திட்டமொன்றைத் தொடங்கிவைக்கக் குடியரசுத் தலைவர் வருவது வழக்கமான செய்தி. குடிமக்கள் தாமே தொடங்கி, தாமே நடத்திய பணியைப் பார்க்க அவர் வந்தது தனிச்சிறப்புடையது. பணியைப் பாராட்டிய அவர், அதனை நாட்டுக்கே முன்மாதிரியாகக் கருதினார். நாட்டின் கண்கள் அச்சிற்றாற்றின் பக்கம் திரும்பின. மாநில அரசும், தான் செய்ய வேண்டிய பாதியைப் பற்றிப் பேசலாயிற்று.

கலாமின் தந்தையார் ஜைனுலாப்தீன், இராமேசுவரத்திற்கு வந்த இந்து யாத்திரிகர்களைத் தனுஷ்கோடிக்குப் படகில் ஏற்றிச் சென்றவர். உள்ளூர்ப் பள்ளிவாசலில் தொழுகை நடத்தியவர். பிறருடைய புனிதப் பயணத்துக்குப் படகு கட்டிய தந்தையின் மகன், பிறருடைய புனித ஆற்றங்கரையில் நின்று அவர்தம் தொண்டைப் போற்றியது இயல்பான செயலே. 2015 ஜூலை 27இல் அவர் மறையும்வரை இளைஞர்களிடம் இடைவிடாது பேசிவந்தவற்றுள் நாட்டின் நீர்வளமும் ஒன்று என்பதை வாசகர்கள் அறிவர்.

முடிவுறாத பணி

2008ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ‘டைம்’ வார இதழ் சீச்சேவாலைச் சுற்றுச்சூழல் வீரர்களுள் ஒருவராகத் தேர்ந்தது. 2017இல் பத்மஸ்ரீ விருது கிட்டியது. 2022இல் அவர் பஞ்சாபிலிருந்து மாநிலங்கள் அவை உறுப்பினரானார். ஒவ்வோராண்டும் ஜூலையில் பணி தொடங்கிய நாளை மக்கள் கூடி நினைவுகூர்கின்றனர். அந்நாளில் மரம் நடுதலும் நிகழும். 2019இல் குருநானக்கின் 550ஆம் பிறந்தநாளுக்கு ஸுல்தான்பூரில் திரண்ட மக்கள் வெள்ளம், முன்பு கால் வைக்க அஞ்சிய நீரில் நீராடிற்று.

விருதுகளோடு இவ்வரலாற்றை முடித்துவிடுதல் உண்மைக்கு இழுக்காகும். 2010க்குப் பிந்தைய ஆண்டுகளில் ஒரு முறைக்கு மேல் காலி வேயீனில் மீன்கள் செத்து மிதந்தன. மேலிருந்து வரும் நீர் குறைந்த நாட்களில், சில நகரங்களிலிருந்து இன்னும் கசியும் சாக்கடை மேலோங்கிவிடுகிறது, பிராணவாயு தீர்ந்துபோகிறது. தொண்டர்கள் மீண்டும் இறங்கினர்; மீண்டும் மனு கொடுத்தனர்; மீண்டும் ஆகாயத்தாமரையைப் பிடுங்கினர். ஒருமுறை துலக்கிய பாத்திரத்தை நாளை மீண்டும் துலக்க வேண்டும் என்பதை எந்த இல்லத்தரசியும் அறிவார். ஆற்றின் நிலையும் அத்தகையதே.

இவ்வரலாறு நமக்குத் தரும் பாடத்தை ஒரு தட்டில் மட்டும் வைத்து நிறுத்தல் ஆகாது. மக்களே அனைத்தையும் செய்துவிடுவர் என்று சொல்லி அரசு தன் கடமையிலிருந்து நழுவ இதனைச் சான்றாக்கக் கூடாது. சாக்கடையைச் சுத்திகரிப்பதும், சட்டத்தை நிறைவேற்றுவதும், அணை நீரைப் பங்கிடுவதும் அரசின் வேலை. அரசு வந்தபிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று மக்கள் கரையில் காத்திருந்தாலும் ஆறு மடிந்துபோகும். காலி வேயீனில் சட்டம் வந்து இருபத்தாறு ஆண்டுகள் கழிந்த பின்னும் ஆறு நாறிக்கொண்டிருந்தது. சிலர் நீரில் இறங்கிய பின்னரே அச்சட்டத்துக்கு உயிர் வரத் தொடங்கிற்று. வேலை செய்யும் கைகளோடு வருகின்ற கோரிக்கையை மறுப்பது எந்த அரசுக்கும் எளிதன்று.

ஊர்தோறும் ஓர் ஆறோ, வாய்க்காலோ, குளமோ நம்மிடையே இருக்கின்றது. அதன் கரையில் பள்ளிவாசலும் கோயிலும் மாதாகோயிலும் இருக்கலாம். அதன் நீர் எந்த வாசலையும் கேட்டு ஓடுவதில்லை. அது கெட்டால் எல்லார் கிணறும் கெடும். நவாபு தௌலத் கானின் நகரில் சீக்கியத் தொண்டர்கள் தெளிவித்த நீர், யாருடைய வயல் என்று வினவாமல் இன்றும் பாய்ந்துகொண்டிருக்கின்றது.